ஓவிய ஆசான் நந்தலால் போஸ்

நம் கல்லூரி வெளியிடும் விழா மலர்களைப் புரட்டுந்தோறும் அவற்றில் இடம்பெறும் பெருமக்கள் வரிசை நம் உள்ளத்தைப் பூரிக்கச் செய்கின்றது. வைத்திய கலாநிதிகள், பொறியியலாளர், நியாயவாதிகள், நிருவாக சேவையாளர், கணக்காளர் என விரியும் அவ்வரிசை நம் கல்லூரியின் பெருமைக்குச் சான்று என்பதில் ஐயமில்லை. ஆயினும், ஓவியத்தையே வாழ்க்கைத் தொழிலாகக் கொண்ட ஒருவரை அவ்வரிசையில் தேடுவோர் நெடுநேரம் தேடவேண்டியிருக்கும். அத்தகைய மாணாக்கர் நம் வகுப்புகளில் இருந்ததில்லையா, அன்றி இருந்தும் அவர்களை நாம் காணத் தவறினோமா என்னும் வினா சில காலமாக நம்மை உறுத்திவருகின்றது. அவ்வினாவின் தூண்டுதலினாலேயே, பாரத நாட்டின் தலைசிறந்த ஓவியருள் ஒருவரும், தலைசிறந்த ஓவிய ஆசானுமாகிய நந்தலால் போஸ் அவர்களின் சரிதத்தை இம்மலரில் எழுத முன்வந்தோம்.

நந்தலால் 1882 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 3 ஆம் நாள், இன்றைய பீகார் மாநிலத்தின் முங்கேர் மாவட்டத்திலுள்ள கரக்பூரில், வங்காளக் குடும்பமொன்றிற் பிறந்தார். தந்தையார் பூர்ணசந்திரர் தர்பங்கா சமஸ்தானத்தின் சேவையில் இருந்தவர். தாயார் க்ஷேத்திரமணி தேவியார் பொம்மைகளும் விளையாட்டுப் பொருள்களும் செய்வதிற் கைதேர்ந்தவர். அவ்வன்னையார் மைந்தனுக்கு எட்டு வயது நிரம்பும் காலத்தில் இறையடி எய்தினார். தாயின் கைவண்ணத்தைப் பார்த்து வளர்ந்த சிறுவன் குயவரும் பொம்மை செய்வோரும் தொழில்புரியும் இடங்களில் நின்று அவர்தம் விரல்கள் இயங்கும் விதத்தை நோக்குவான். தானும் களிமண்ணைப் பிசைந்து உருவங்கள் செய்வான். பூசைக் காலங்களிற் பந்தல் அலங்காரத்தில் முன்னிற்பான். அவன் பெற்ற முதற் கலைக்கல்வி இதுவே. அதற்குக் கட்டணமுமில்லை, சான்றிதழுமில்லை.

1898 ஆம் ஆண்டில், பதினைந்து வயதுப் பாலகனாக, உயர்நிலைப் பாடசாலைக் கல்வியின் பொருட்டு நந்தலால் கல்கத்தாவுக்கு அனுப்பப்பட்டார். 1902 இற் பிரவேசப் பரீட்சையில் தேறினார். அடுத்த ஆண்டிற் சுதீரா தேவியாரை மணம் புரிந்தார். அதன்பின் தொடங்கியது அவருடைய சோதனைக் காலம். கல்லூரிப் பாடங்களில் அவர் மனம் பதியவில்லை. பரீட்சைகளில் தவறினார், ஒரு கல்லூரியை விட்டு மற்றொரு கல்லூரிக்கு மாறினார், அங்கும் தவறினார். சித்திரம் பயில வேண்டும் என்னும் வேட்கையை வீட்டாரிடம் வெளியிட்டபோது அதற்கு இசைவு கிடைக்கவில்லை. ஈற்றில் 1905 ஆம் ஆண்டிற் பிரசிடென்சிக் கல்லூரியில் வர்த்தகம் பயிலச் சேர்க்கப்பட்டார். மணமாகிய இளைஞன், வருவாய் இல்லை, பரீட்சைத் தேர்ச்சி இல்லை, குடும்பத்தாரோ அவன் ஏதேனும் உத்தியோகத்துக்குத் தகுதி பெறவேண்டுமென்று காத்திருக்கின்றனர். இந்நிலையை நம் வீடுகளில் அறியாதார் யார்? பெற்றோரைக் குறைகூறுவதற்கில்லை. அக்காலத்திற் படம் எழுதிப் பிழைப்பது என்பது மானத்தோடு குடும்பம் நடத்தப் போதிய வழியென்று எவரும் நம்பவில்லை.

ஆயின், அதே கல்கத்தா நகரில் அரசினர் கலைப் பாடசாலையில் ஒரு மாற்றம் நிகழ்ந்துகொண்டிருந்தது. ஐரோப்பியச் சிலைகளின் சுண்ண வார்ப்புகளைப் பார்த்து வரைவதே கலைக்கல்வி என்று கருதப்பட்ட காலம் அது. அப்பாடசாலையின் அதிபராக 1896 இற் பொறுப்பேற்ற ஹாவெல் என்னும் ஆங்கிலேயர், இந்திய மாணாக்கர் இந்தியக் கலையிலேயே வேரூன்றிப் பயிலவேண்டும் என்று கருதினார். ஐரோப்பியப் படங்களை அகற்றி, மொகலாய ஓவியங்களைத் தேடிச் சேர்த்தார். மாணாக்கருட் சிலரும் வங்கப் பத்திரிகைகளும் அதனை எதிர்த்தனர். ஆங்கிலேயர் இந்தியக் கலையைப் போற்ற, இந்தியர் ஐரோப்பியக் கலையையே வேண்டி நின்ற விந்தையை என்னென்பது! எதிர்ப்புக்கு அஞ்சாத ஹாவெல், அவனீந்திரநாத தாகூரைத் துணை அதிபராக அமர்த்தினார். அவனீந்திரர் கவியரசர் இரவீந்திரநாதரின் ஒன்றுவிட்ட தமையனாரின் மைந்தர். புத்தரும் சுஜாதையும் தோன்றும் அவருடைய சித்திரத்தை அச்சிற் கண்ட நாள்முதல் நந்தலால் அவரையே குருவாக மனத்தில் வரித்திருந்தார்.

வங்கப் பிரிவினையால் நாடெங்கும் சுதேசியக் கிளர்ச்சி மூண்ட 1905 ஆம் ஆண்டில், தாம் எழுதிய படங்களைச் சுமந்துகொண்டு நந்தலால் கலைப் பாடசாலையின் வாயிலை அடைந்தார். அவற்றுள் ஐரோப்பிய ஓவியங்களைப் பார்த்து எழுதிய படிகளும் இருந்தன. காதம்பரிக் கதையில் வரும் மகாசுவேதையைத் தம் கற்பனையால் எழுதிய படமும் இருந்தது. பாட்னா மரபில் வந்த முதிய ஓவியர் லாலா ஈசுவரி பிரசாதரின் முன்னிலையில் அவருக்குச் சோதனை வைக்கப்பட்டது. நந்தலால் எழுதிக் காட்டியது விநாயகர் திருவுருவம். சோதனையில் தேறினார், பாடசாலையிற் சேர்க்கப்பட்டார். பல கல்லூரிகளிற் பல முறை தவறியவர் தேறிய பரீட்சை அது. வீட்டாரும் ஈற்றில் இசைந்தனர்.

இனி அவர் அங்குப் பயின்ற முறையைச் சற்று நோக்குவோம். ஓவியம் பயில்வது பாடங்களிலிருந்து தப்பும் வழி என்று எண்ணுவோர் இதனைக் கருத்திற்கொள்ளல் வேண்டும். ஐந்து ஆண்டுகள் அவர் அப்பாடசாலையில் உழைத்தார். கோடு, வண்ணம், நீர்ப்பூச்சு ஆகியவற்றோடு, இதிகாச புராணங்களையும் கற்றார். அவனீந்திரர் பண்டிதர் ஒருவரைக்கொண்டு இராமாயண மகாபாரதக் கதைகளை மாணாக்கர் செவியில் விழச் செய்தார். கதையை உணராதான் பாத்திரத்தை எழுத முடியாது என்பது அவர் கொள்கை. இலக்கியமும் ஓவியமும் ஒரே ஊற்றிலிருந்து பிறப்பன என்பதைத் தமிழாசிரியராகிய நாம் இவ்விடத்தில் மகிழ்வோடு குறித்துக்கொள்கின்றோம்.

பயிற்சி பலன் தந்தது. கீழைத்தேயக் கலைக்கான இந்தியச் சங்கம் 1908 ஆம் ஆண்டில் நடத்திய கண்காட்சியில், சிவனும் சதியும் தோன்றும் நந்தலாலின் சித்திரத்துக்கு ஐந்நூறு ரூபா பரிசு கிடைத்தது. அக்காலத்தில் அது பெருந்தொகை. அத்தொகையைக்கொண்டு அவர் யாத்திரை புறப்பட்டார். பழைய நகரங்களையும் கோயில்களையும் சிற்பங்களையும் நேரிற் கண்டார். பின்னர்த் தென்னாட்டுக் கோயில்களையும் தரிசித்தார். பரிசுப் பணத்தை மேலும் கற்பதற்கே செலவிட்ட அச்செயல், அவர் எத்தகைய மாணாக்கர் என்பதைக் காட்டும்.

1909 ஆம் ஆண்டின் இறுதியில், சகோதரி நிவேதிதையின் தூண்டுதலால், அசந்தாக் குகைகளின் சுவரோவியங்களைப் படியெடுத்துவந்த ஹெரிங்காம் சீமாட்டியாருக்கு உதவியாக நந்தலால் சென்றார். அசித்குமார் ஹால்தார், மைசூர் வெங்கடப்பா முதலானோர் உடனிருந்தனர். இருண்ட குகைகளில், காலத்தால் அரிக்கப்பட்ட சுவர்களின் முன்னே நின்று, பெயர் தெரியாத பழைய ஓவியர்களின் கோடுகளைத் தம் கையாற் பின்தொடர்ந்து வரைந்தபோது, எந்தக் கலைப் பாடசாலையும் தரவியலாத கல்வி அவருக்குக் கிட்டியது. சிறிய கடுதாசியில் மெல்லிய வண்ணம் தீட்டிவந்த கை, சுவர் அளாவிய பெரும் ஓவியத்தை எண்ணத் தொடங்கியது அங்கேயே.

அக்காலத்திலே தான் நம் நாட்டின் புதல்வர் ஒருவரோடும் அவருக்குத் தொடர்பு ஏற்பட்டது. சேர் முத்துக்குமாரசுவாமி அவர்களின் மைந்தரும், கீழைத்தேயக் கலையின் மெய்ப்பொருளை உலகுக்கு விளக்கியவருமாகிய ஆனந்த குமாரசுவாமி அவர்கள் கல்கத்தாவில் தாகூர் இல்லத்துக் கலைச் செல்வங்களை வகைப்படுத்தியபோது, அப்பணியில் நந்தலால் துணை நின்றார். நிவேதிதை எழுதத் தொடங்கி, அவர் 1911 இல் மறைந்தபின் குமாரசுவாமி நிறைவுசெய்து 1913 இல் வெளிவந்த இந்து பௌத்த புராணக் கதை நூலில் நந்தலாலின் சித்திரங்களும் இடம்பெற்றன. இலங்கைத் தமிழ் அறிஞரின் எழுத்தும் வங்க ஓவியரின் வண்ணமும் ஒரே நூலில் இணைந்த இச்செய்தி நாம் மறக்கத் தகாதது.

கலைப் பாடசாலையிற் பயிற்சி முடிந்ததும், அங்கேயே ஆசிரியப் பதவி அவரைத் தேடி வந்தது. அரசாங்க உத்தியோகம், மாதந் தவறாத சம்பளம், குடும்பத்தார் பல்லாண்டு காத்திருந்த நற்செய்தி. நந்தலால் அதனை ஏற்கவில்லை. குருவின் இல்லமாகிய ஜோராசாங்கோவில் அவர் அருகிருந்து ஓவியம் எழுதுவதையே தெரிந்துகொண்டார். இந்தத் துணிவு எல்லோருக்கும் உரியதென்று நாம் கூறமாட்டோம். ஆயினும், தம் கை இன்னும் முதிரவில்லை என்பதை உணர்ந்து, பதவியைக் காட்டிலும் பயிற்சியைப் பெரிதாக மதித்த அவ்வடக்கம் எல்லோருக்கும் உரியது.

கவியரசர் தாகூர் 1914 இல் அவரைச் சாந்திநிகேதனத்துக்கு அழைத்து வரவேற்றார். 1919 இற் கலாபவனம் என்னும் கலைக்கூடம் அங்கு நிறுவப்பட்டபோது நந்தலால் அங்குச் சென்றார்; சிறிது காலத்தில் அவனீந்திரரின் அழைப்பால் மீண்டும் கல்கத்தாவுக்குத் திரும்பினார். ஒருபுறம் கற்பித்த குரு. மறுபுறம் புதிய பணிக்கு அழைத்த கவிஞர். இருவர் அன்புக்கும் இடையே நின்ற நந்தலால், 1920 இற் சாந்திநிகேதனத்திலேயே நிலைத்தார். 1922 முதல் 1951 இல் ஓய்வு பெறும்வரை கலாபவனத்தின் தலைவராக விளங்கினார். அந்த 1951 ஆம் ஆண்டிலேயே விசுவபாரதி இந்திய அரசின் மத்திய பல்கலைக்கழகமாக அங்கீகாரம் பெற்றது.

கலாபவனத்தில் அவர் கற்பித்த முறை தனித்தன்மை வாய்ந்தது. அங்கே மணியடித்துத் தொடங்கி மணியடித்து முடியும் பாடம் முதன்மை பெறவில்லை. ஆசிரியர் தம் பணியைச் செய்வார். மாணாக்கர் அருகிருந்து தத்தம் பணியைச் செய்வர். மரம், செடி, எருமை, சந்தைக்குச் செல்லும் சந்தால் மக்கள், மழைமேகம் ஆகியவற்றை நேரிற் பார்த்து எழுதுமாறு மாணாக்கரை அழைத்துச் செல்வார். தாமும் கையில் ஒரு தபாலட்டையை வைத்து வரைந்தவண்ணம் இருப்பார். கோலம், தையல், மட்பாண்டம், நாடக மேடை அலங்காரம் யாவும் அவர் கண்ணிற் கலையே. உயர்ந்த கலை, தாழ்ந்த கைத்தொழில் என்னும் வேற்றுமையை அவர் ஏற்கவில்லை. சீநிகேதனத்தில் 1930 இல் எழுதிய ஏர்மங்கலச் சுவரோவியமும், சீனபவனத்தில் 1942 இல் எழுதிய நடீர்பூஜைச் சுவரோவியமும் அவருடைய கைவன்மையைக் காட்டி நிற்பன.

அவர் இத்தகைய ஆசிரியரானமைக்கு அவர் பெற்ற ஆசிரியரே காரணர் என்பதை விளக்க ஒரு நிகழ்ச்சி போதும். நந்தலால் ஒருமுறை உமையின் தவத்தைச் சித்திரமாக எழுதி அவனீந்திரரிடம் காட்டினார். படம் வெறுமையாய்த் தோன்றுகின்றதென எண்ணிய குரு, உமைக்குச் சிறிது அலங்காரம் செய்யுமாறும் வண்ணம் கூட்டுமாறும் பணித்தார். மாணாக்கர் பணிவோடு படத்தை எடுத்துச் சென்றார். அன்றிரவு குருவுக்கு உறக்கம் வரவில்லை. சிவனை வேண்டிக் கடுந்தவம் புரியும் உமைக்கு அலங்காரம் எதற்கு? மாணாக்கன் கண்டதைத் தாம் காணவில்லையே என்று வருந்தினார். பொழுது புலர்ந்ததும் நந்தலாலின் இருப்பிடத்துக்கு விரைந்தார். அவர் தூரிகையை எடுத்துப் படத்திலே கை வைக்கவிருந்த தறுவாயில் அதனைத் தடுத்தார். படம் உள்ளவாறே இருக்கட்டும் எனக் கூறித் தம் பிழையை ஒப்புக்கொண்டார். இந்நிகழ்ச்சியைப் பிற்காலத்தில் உலகறியச் செய்தவரும் அக்குருவே. ஆசிரியத் தொழிலில் இருக்கும் நாம் இதனைப் படிக்குந்தோறும் தலைகுனிகின்றோம். அதற்குக் காரணத்தை ஈற்றிற் கூறுவோம்.

அவருடைய மாணாக்கர் திறம் பலவகைப்பட்டது. பிறவியிலேயே பார்வை குன்றியிருந்த வினோதவிகாரி முகர்ஜி, பின்னாளில் முற்றும் பார்வை இழந்தபோதும் கலையைக் கைவிடாத பேரோவியரானார். பாங்குராவிலிருந்து 1925 இல் வந்த வறிய குடும்பத்து இளைஞர் இராமகிங்கர் பெரும் சிற்பியானார். சென்னைப் பிரசிடென்சிக் கல்லூரியிற் பொருளியல் பயின்று, விடுதலைப் போராட்டத்திற் சிறை சென்ற கே. ஜீ. சுப்பிரமணியன் 1944 இற் கலாபவனத்தை அடைந்தார். பொருளியற் பட்டதாரியாகிய சத்யஜித் ராய் 1940 முதல் 1942 வரை அங்குப் பயின்று, பின்னர்த் திரைப்படக் கலையில் உலகப் புகழ் எய்தினார். இவர்களுள் எவரும் குருவைப்போல் எழுதவில்லை என்பதே குருவின் பெருமை.

1934 ஆம் ஆண்டிற் கவியரசர் தம் கலைக்குழுவினருடன் இலங்கைக்கு வந்தபோது நந்தலாலும் உடன் வந்தார். அப்பயணத்திற் கவியரசர் நம் யாழ்ப்பாண மண்ணிலும் கால்பதித்தார். இலங்கையின் தேசிய கீதத்தை இயற்றிய ஆனந்த சமரக்கோன் சாந்திநிகேதனம் சென்று இசையோடு ஓவியமும் பயின்றவர் என்பதையும் இவ்விடத்தில் நினைவுகூர்தல் தகும்.

நந்தலால் அரங்கத்துக்குள் அடைபட்ட கலைஞரல்லர். காந்தியடிகள் 1930 இல் உப்புச் சத்தியாக்கிரகத்துக்காகத் தண்டிக்கு நடந்தபோது, கோலூன்றி நடக்கும் அம்மகானின் உருவத்தைக் கரிய பின்னணியில் வெண்கோடுகளாக அச்சுத் தகட்டிற் செதுக்கினார். அவ்வுருவம் நாடெங்கும் பரவியது. 1938 இல் ஹரிபுராவிற் கூடிய காங்கிரசு மகாசபைக்காக, காந்தியடிகளின் வேண்டுகோட்படி, வழிநடைப் பாமர மக்கள் காணும்வண்ணம் படங்கள் எழுதினார். உழவர், தச்சர், குயவர், மத்தளம் அடிப்போர், சமையல் செய்யும் பெண்டிர் ஆகியோரே அப்படங்களின் தலைமக்கள். மண்ணிலிருந்து எடுத்த வண்ணங்களால், விரைந்த கோடுகளால் எழுதப்பட்ட அவை இன்று தேசியச் செல்வங்கள். சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பு கையெழுத்துப் பிரதியாக உருவானபோது, அதன் பக்கங்களை அலங்கரிக்கும் பணி நந்தலாலிடம் ஒப்படைக்கப்பட்டது. தம் மாணாக்கருடன் அவர் நிறைவேற்றிய அப்பிரதியிலே 1950 சனவரி 24 இல் அரசியல் நிர்ணய சபையினர் கைச்சாத்திட்டனர். பரீட்சையில் தவறிய இளைஞனின் கைவண்ணம் ஒரு நாட்டின் சட்டத்துக்கே முகமாயிற்று.

இத்துணைப் புகழுக்கிடையிலும், கலை பயின்றோர் எவ்வாறு சீவிப்பது என்னும் வினாவை அவர் மறந்தாரல்லர். 1930 ஆம் ஆண்டளவிற் காருசங்கம் என்னும் கூட்டுறவு அமைப்பு கலாபவனத்தாரிடையே தோன்றியது. புத்தகச் சித்திரம், கைப்பணி முதலியவற்றால் இளங்கலைஞர் நேர்மையாகப் பொருளீட்ட அது வழிகாட்டியது. தாகூர் குழந்தைகளுக்கென எழுதி 1930 இல் வெளியிட்ட சகஜ பாட் என்னும் அரிச்சுவடிக்கு நந்தலாலே படங்கள் செதுக்கினார். தலைமுறை தலைமுறையாக வங்கக் குழந்தைகள் எழுத்தோடு அவர் கோட்டையும் கற்றுவந்தனர்.

1954 இல் இந்திய அரசு அவருக்குப் பத்மவிபூஷண் விருதளித்துக் கௌரவித்தது. 1966 ஏப்ரில் 16 ஆம் நாள் கல்கத்தாவில் அவர் உயிர் நீத்தார். 1973 முதல் அவர் பிறந்தநாளையொட்டி டிசெம்பர் மாதத்திற் கலாபவனத்தார் நந்தன் மேளாவை நடத்தத் தொடங்கினர். ஆசிரியரும் மாணாக்கரும் தம் கைப்படைப்புகளை விற்று, வரும் பொருளை இடருறும் மாணாக்கரின் உதவி நிதிக்குச் சேர்க்கும் விழா அது. ஓர் ஆசிரியருக்கு இதனினும் சிறந்த நினைவுச் சின்னம் யாது?

இனி, முன்னர்க் கூறுவோம் என்றதைக் கூறுதல் வேண்டும். ஏறக்குறையப் பதினெட்டு ஆண்டுகளின் முன், நாம் ஆசிரியப் பணியிற் புதியவராயிருந்த காலத்தில், நம் வகுப்பு மாணாக்கன் ஒருவன் தமிழ்க் கட்டுரைக் கொப்பியின் பின்பக்கங்கள் முழுவதையும் படங்களால் நிரப்பியிருந்தான். பனையில் ஏறும் தொழிலாளி, தேர்வடம் பிடிப்போர், கிணற்றடியிற் குளிக்கும் சிறுவர் என ஒவ்வொன்றும் உயிருள்ளதாயிருந்தது. நாமோ கொப்பியைப் பறித்து வைத்தோம். அவன் தந்தையாரை அழைத்து, பிள்ளை படம் கீறிக் காலத்தைப் போக்குவதாக முறையிட்டு, உயர்தரத்தில் வர்த்தகம் பயிலச் செய்யுமாறு புத்திமதியும் கூறினோம். அவன் பணிவுள்ள பிள்ளை, அவ்வாறே செய்தான். இன்று கொழும்பில் ஒரு நிறுவனத்திற் கணக்கெழுதும் நற்பதவியில் இருக்கின்றான். சென்ற ஆண்டு பழைய மாணவர் கூட்டத்துக்கு வந்தவன் நம்மை வணங்கி, சுகம் விசாரித்து, விடைபெறும்போது அந்தக் கொப்பி இன்னும் நம்மிடம் இருக்கின்றதா என்று கேட்டான். அவன் குரலிற் குறை சொல்லும் தொனி சிறிதும் இல்லை. கொப்பி நம்மிடம் இல்லை. அவனீந்திரருக்கு ஓரிரவே உறக்கமின்றிக் கழிந்தது. காலையில் ஓடிச்சென்று தடுக்க அவருக்கு நேரமிருந்தது. நமக்கு அது வாய்க்கவில்லை.

பரீட்சையில் தவறுவோர் யாவரும் நந்தலால் ஆவர் என்று நாம் எழுதவில்லை. ஓவியம் பயில விரும்புவோர் ஐந்தாண்டு இடையறாது உழைக்கவும், புகழுக்கு முன் பயிற்சியை வைக்கவும், சிறிய வருவாயோடு சில காலம் சீவிக்கவும் சித்தமாயிருத்தல் வேண்டும். ஆயினும் இன்று வழி அடைபட்டிருக்கவில்லை. யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்திற் சித்திரமும் வடிவமைப்பும் பட்டப்படிப்பாகப் பயிலலாம். மட்டக்களப்பு சுவாமி விபுலானந்த அழகியற் கற்கைகள் நிறுவகத்திலும் கட்புலக் கலையைப் பயிலலாம். ஆகவே, அத்தகைய பிள்ளை ஒருவன் வீட்டிலிருப்பின் பெற்றோராகிய பழைய மாணவர்கள் அவன் கொப்பியின் பின்பக்கத்தையும் புரட்டிப் பார்ப்பார்களாக. மாணாக்கர் தம் விருப்பத்தை ஆசிரியரிடம் அஞ்சாது வெளியிடுவார்களாக. நம்மைப் பொறுத்தவரை, இப்போது வகுப்பிற் கொப்பிகளைத் திருத்தும்போது கடைசிப் பக்கத்தைப் பாராது மூடுவதில்லை.